சைதாப்பேட்டையில் எங்கள் ஏரி

"காவிரி வந்தும் வீராணம் ஏரி பாதிதான். எங்கள் நடவுக்கும் அதுதான், குழாயில் சென்னைக்குப் போவதும் அதுதான்." ஆவணி, ஞாயிறு என்று தேதியிட்டு, காட்டுமன்னார்கோயிலில் பஸ் ஏறுமுன் நான் எழுதிய குறிப்பு இது.

இப்போது திங்கள் காலை. சைதாப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போகும் சந்தில், மாநகராட்சிக் குழாயோடு இணைத்த அடிபம்பில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தே கூத்தாடுகிறது. செல்வி என்ற பெண் இரண்டு டிரம்களை உருட்டிக்கொண்டு ஓடிவருகிறார். இன்று மகளுக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை வீட்டார் தாம்பரம் தாண்டிவிட்டார்கள். இங்கே உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

ஒரு கை அள்ளிக் குடிக்கிறேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இது எங்க வீராணம் தண்ணிம்மா!"

"இன்னா நைனா, அதுல உன் பேரு எழுதிக்கீதா?"

"ருசியே சொல்லுதே!"

"உன் தண்ணின்னா நீயே அடி!"

கைப்பிடியை என் பக்கம் தள்ளுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். சட்டை நனைய, மூச்சு வாங்க, நானும் சிரித்துக்கொண்டே அடிக்கிறேன். இரண்டாவது டிரம் நிரம்பவும், பம்பு கொர்ரென்று காற்றை இழுத்து ஓயவும் சரியாக இருக்கிறது.

செல்வி கைதட்டுகிறார். "துன்னுட்டுதான் போவணும் நைனா! பொண்ணுக்குத் தாய்மாமன் இல்ல, தண்ணிமாமன் வந்துக்கீறே!"

முதல் பந்தியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தக் குழாயில் வருவது வீராணமா, கிருஷ்ணாவா, உப்பு நீக்கிய கடல்நீரா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் ஏரித் தண்ணீர்தான் என்பது இன்னும் உறுதியாகவில்லை.