யாரும் வேலை சொல்லாத ஊர்

சுவரில் போய் முட்டிக்கொள்கிறவளை ஊரில் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் அண்ணிக்கு அதற்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். கேமுக்குள் பெரிய நகரம் ஒன்று இருக்கும். அதன் சுவரெல்லாம் முட்டி, படியெல்லாம் ஏறிக் குதித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இடுப்புவரை தரையில் புதைந்தபடி வாலாட்டும் நாய், மேசைக்குள் புகுந்து நடக்கும் கடைக்காரி எல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும். ஆபீசில் அவளுக்கு 'முட்டல்' என்றே பேர். நான் வைத்திருந்தால் இதைவிட நல்ல பேராக வைத்திருப்பேன். நாத்தனாருக்கு அந்த உரிமை உண்டு.

அண்ணன் பஸ் டிரைவர். ஆனால் அப்போது வீட்டோடு கிடந்தான். ஒரு காலை நேரத்தில், வளைவில் ஒரு சைக்கிள்காரர் அவன் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லி, எப்போது வேண்டுமானாலும் வேலைக்குத் திரும்பலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இவன் திரும்பவில்லை. வேலைக்கு மட்டுமா, வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. கோடை போய் மழைக்காலமும் வந்துவிட்டது. நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். தினமும் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, "வாயேன், முனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்பேன். "நீ போ" என்பான். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகலாமா என்று ஆத்திரம் வரும். அண்ணிதான் இழுக்க விடமாட்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணி ஆபீஸ் மேல் இருந்த கடுப்பில் பொரிந்து தள்ளினாள். புதுக் கேமுக்கு எல்லோரிடமும் யோசனை கேட்டார்களாம். ஒருவர் டிராகன் வேண்டும் என்றாராம், இன்னொருவர் நூறு கிரகம் வேண்டும் என்றாராம். இவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றான் அண்ணன். அவனாக ஒன்றைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"எல்லாக் கதவும் திறக்கணும். இப்ப இருக்கறதுல பாதிக் கதவு வெறும் படம். நான் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டா மறுநாளும் அது அங்கயே இருக்கணும். மழை பெஞ்சா கொடியில இருக்கற துணி நனையணும். முக்கியமா, வழியில பாக்கற எவனும் எனக்கு மிஷன் குடுக்கக் கூடாது. அதை எடுத்துட்டு வா, இவனைத் துரத்து... ஆபீஸ்லதான் அந்தத் தொல்லைன்னா அங்கயுமா? என் இஷ்டத்துக்குச் சுத்துவேன். ஒண்ணுமே செய்யாம உக்காந்திருந்தாலும் அந்த ஊர் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

அண்ணன் சிரித்தான். "அப்ப நான் ஆடறேன். நீதான் கேம். சொல்லு, நான் எங்க நிக்கறேன்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கிடையாது, திரை கிடையாது. சாப்பாட்டு மேசையும் இரண்டு பேரும்தான். இவன் செய்வதைச் சொல்வான், அங்கே என்ன நடக்கிறது என்று அவள் சொல்வாள்.

"சலூனுக்குள்ள போறேன்."

"ஆளுங்க காத்திருக்காங்க."

"நானும் உக்காந்துக்கறேன். முடி வெட்டிக்க இல்ல, சும்மா."

"உக்காருங்க. ஃபேன் போடட்டுமான்னு சலூன்காரர் கேக்கறார்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றால் இந்த மகராசன் சலூனில் போயா உட்காருவான்? ஆனால் அவனுக்கு அது பிடித்துப்போனது. ஒழுகும் தெருக்குழாயைச் சரி செய்தான். வெயிலில் கிடந்த பெஞ்சை மர நிழலுக்கு நகர்த்திவிட்டு, மறுநாள் மறக்காமல் போய்ப் பார்த்தான். பெண்டாட்டி வேலையும் அவனுக்குத் தொற்றிக்கொண்டது. "நேத்து சலூன்காரருக்கு மீசை இருந்துச்சே?" என்று மடக்குவான். "காலையில எடுத்துட்டார். அவர் மீசை, அவர் கத்தி" என்பாள். அந்த ஊரில் சந்து பொந்தெல்லாம் சுற்றினான். மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பொறுமையாக இருந்தவளுக்கு ஒரு நாள் என்ன அவசரமோ, வாயை விட்டுவிட்டாள்.

"தெருமுனையில ஒரு பஸ் நிக்குது. டிரைவர் சீட் காலி. உள்ள இருக்கறவங்க எல்லாம் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. "இது மிஷன்" என்றான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மேசையில் பேச்சே இல்லை. அண்ணி துரும்பாகிப்போனாள். "அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கறேன். என் தப்பு வாயை விட்டு வந்தப்புறம்தான் தெரியுது" என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பஸ்ஸை எடுத்துட்டேன்."

"எப்படி எடுப்ப? வெச்சது வெச்ச இடத்துல இருக்கணும்னு நீதானே சொன்ன? பஸ் நிக்கட்டும். உள்ள இருக்கறவங்களை இறங்கச் சொல்லு."

"இறங்கிட்டாங்க. நடந்தே வீட்டுக்குப் போறாங்க."

"கோவமா போறாங்களா?"

"இல்ல. ஒரு அம்மா உங்களைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறாங்க."

அவன் அண்ணி பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "அந்தச் சைக்கிள்காரர் அங்க இருக்காரா?" என்றான்.

அந்த மனிதரைப் பற்றி அதுவரை அவன் வாயைத் திறந்ததே இல்லை. இருக்கார், அவருக்கும் கோபமில்லை என்று அண்ணி சொன்னால் போதும், அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவான். நானாக இருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

"இருக்கார்" என்றாள் அண்ணி. "ஆனா அவரை நான் பேச வெக்க மாட்டேன். நான் பேச வெச்சா அது நான் எழுதிக்குடுத்த வசனமாயிடும். அதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?" அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நேர்ல போய்க் கேளுங்கன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அந்த வாரம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த ஞாயிறு நான் கீழே இறங்கி வந்தபோது அண்ணன் முகச்சவரம் செய்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"விசாரணை அன்னிக்கே அந்தச் சைக்கிள்காரர் வீடு எங்கன்னு கேட்டு வெச்சிருந்தேன். ரெண்டு பேரும் கூட வாங்க" என்றவன் என் பக்கம் திரும்பினான். "ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது."

மெயின் ரோட்டில் ஒரு பஸ் கடந்து போனது. அது போகும்வரை அண்ணன் ஒரு கடைச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தானும் சுவரைப் பார்த்து நின்றாள். மறுபடி நடந்தோம். வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றான். அண்ணியின் உதடு அசைந்தது. தட்டுங்க என்று சொல்ல வந்திருப்பாள். விழுங்கிக்கொண்டாள். அவனாகவே தட்டினான்.

ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தவர் அண்ணனை அடையாளம் கண்டதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். அவர்தான் முதலில் பேசினார்.

"உங்க வேலை போயிடலையே? நான் குறுக்க வந்து விழுந்ததுக்கு உங்களைத் தூக்கிட்டாங்களோன்னு... யாரைக் கேக்கறதுன்னும் தெரியல. உங்க முகத்துல முழிக்கவும் பயமா இருந்துச்சு."

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். உட்கார்ந்து யோசித்தாலும் அவளுக்கு அந்த வசனம் தோன்றியிருக்காது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"வேலை இருக்கு" என்றான் அண்ணன். "நான்தான் போகாம இருக்கேன்."

அவர் ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அண்ணன் கையைப் பிடித்தார்.

"போங்க. நாளைக்கே போங்க. இந்த வழியா வரும்போது ஹாரன் அடிங்க, நான் ஜன்னலுக்கு வரேன்."

"சரிங்க" என்றான் அண்ணன்.