வாசலில் ஒரு முள்மரம்

வென்ட்வேர்த்வில் வீட்டு கேற்றடியில் ஹோதோர்ன் என்ற முள்மரத்தை நட்டது நான்தான். யாரையும் கேட்கவில்லை, என் வாசல், என் மரம். இங்கே குளிர்காலமான யூலையில், நர்சரியில் இலையே இல்லாமல் வெறும் வேரோடு விற்றார்கள். "விறகுக்கோ வாங்கினனீர்?" என்று கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழியை அகலமாக வெட்டி, களிமண்ணைக் கிளறி, உக்கிய சருகு கலந்து நட்டு, காற்றுக்குச் சாயாமல் தடி ஊன்றிக் கட்டினேன். என் உயரம் வந்ததும் ஒரு வசந்தத்தில் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்தது. தெருவில் நாயோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மச்சாளுக்கு, அதுதான் கணவரின் அக்காவுக்கு, மட்டும் அதைக் கண்ணில் காட்டக் கூடாது. "வாசல்ல முள்மரம் நிண்டா வீட்டில நல்ல காரியம் நடக்காது" என்பார், வரும்போதெல்லாம். என் மகளுக்குப் பேசிய சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் வந்து தேத்தண்ணீர் குடித்துப் போன பிறகு, திடீரென்று நின்றது. ஏனென்று அவர்களும் சொல்லவில்லை. மச்சாளுக்குக் காரணம் கையிலேயே இருந்தது. "நான் அப்பவே சொன்னனான்!"

அடுத்த சனிக்கிழமை கணவர் கராஜிலிருந்து மரம் அரியும் வாளை எடுத்து வந்தார். மச்சாள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"எங்கட கலியாணப் பந்தலில கன்னிக்காலா எதை ஊண்டினவை? முள்முருக்கந் தடிதானே! அதில முள் இல்லையோ? அதுக்குப் பட்டுக் கட்டி, பால் ஊத்திக் கும்பிட்டுத்தானே என்னைக் கட்டினனீங்கள்?"

கணவர் அக்காவைப் பார்த்தார். "அது... சாமிக் காரியம்" என்றார் மச்சாள்.

"அப்ப சாமிக்கு முள் குத்தாதோ?"

அந்த நேரம் மகள் வெளியே வந்தாள்.

"அப்பா, ஸ்டொப். மரம் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் அந்த மாப்பிள்ளைக்கு போன் பண்ணி நோ சொன்னனான்."

"அடி பாவி! ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?" என்றேன்.

"மாமி மரத்தைக் குற்றம் சொன்னா. நீங்கள் மரத்துக்காகச் சண்டை பிடிச்சீங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே அம்மா."

கணவர் வாளைப் புல்லில் போட்டார்.

"சொல்லு பிள்ளை" என்றார். "உனக்கு ஏன் அவரைப் பிடிக்கேல்லை?"

அந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. மரத்துக்காக அவ்வளவு கத்திய நானும்தான்.