பச்சைத்தாள் பிளேடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. பேராதனையில் என் அலுவலகத்துக்கு அண்ணி தொலைபேசி எடுத்திருந்தார். "உங்க அண்ணன் போயிட்டாரு. வர்றதா இருந்தா வாங்க." ஆறு வருடமாக நான் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

அண்ணன் ராஜலிங்கம் கண்டி மாநகரசபையில் கிளார்க். மடுல்கெல்லைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊருக்குக் கப்பலேறியபோது, பங்களா ஏலத்தில் ஐந்து பழைய ரேசர்களை வாங்கி வந்தார். வாய் அகன்ற பாரமான ரேசருக்குக் கூர் குறைந்த பிளேடு, வாய் ஒடுங்கியதற்குக் கூரான பிளேடு. மாற்றிப் போட்டால் ஒன்று தோலைச் சீவும், மற்றது மயிரைப் பிடுங்கும். இது அவருக்கு வேதம். மற்றவர்களை ஏசுவதற்கும் ஒரு காரணம்.

கூர் குறைந்தது பச்சைத்தாளில் வரும், கூரானது நீலத்தாளில். பிளேடு கிடைக்காத வருடங்களில் ஒன்றையே கண்ணாடிக் கிளாசின் உட்புறத்தில் தீட்டித் தீட்டி இரண்டு மாதம் ஓட்டுவார். பிளேடில் அச்சடித்த பெயரே அழிந்துபோகும்; எது எதுவென்று தாளை வைத்துத்தான் தெரியும்.

எழுபத்தாறில் என் கல்யாணத்தன்று, கேட்காமல் அவருடைய பாரமான ரேசரை எடுத்துப் பச்சைத்தாள் பிளேடைப் பூட்டினேன். தாடையில் மூன்று வெட்டு, பட்டு வேட்டியில் இரத்தம். பெண்வீட்டார் முன்னால் அண்ணன் சொன்னார்: "ரப்பர் மரத்த வெட்டுனாப்புல வெட்டி வச்சிருக்கான். பிளேடு பார்த்துப் போடத் தெரியாதவன் பொண்டாட்டிய எப்புடி வச்சிருப்பான்?" எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் கேவலம். பச்சைத்தாளைத்தான் பிரித்தேன் என்றேன். பொய்யன் என்றார். அதோடு பேச்சு நின்றது.

செய்தி வந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன். சாகுமுன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் அண்ணனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. குளிப்பாட்டுமுன் சவரம் செய்ய வேண்டியவர் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அவரும் அண்ணனிடம் ஏச்சு வாங்கியவர்தான். நானே செய்கிறேன் என்றேன். அன்பினால் அல்ல. ஒரு கீறல் இல்லாமல் வழித்து, அந்தப் பழியை அவர் முகத்திலேயே தீர்க்க நினைத்தேன். அதே ரேசரை எடுத்தேன். பச்சைத்தாளைப் பிரித்தேன்.

இடக் கன்னம் சரியாக வந்தது. தாடை வளைவில் தோல் சீவி எழுந்தது. இரத்தம் வரவில்லை.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடுங்க தம்பி. பச்சைத்தாள்ல எப்பவும் நீலத்தாள் பிளேடத்தான் சுத்தி வைப்பாரு. கூரானத நீங்க எடுத்துருவீங்கன்னு ஒளிச்சு வைப்பாரு."

"கல்யாணத்தப்பவுமா?"

"அப்பவுந்தான்."

"அவருக்குத் தெரிஞ்சுதான் ஏசுனாரா?"

"தாள மாத்திச் சுத்துனது ஏசும்போது நெனப்பில்ல. ராத்திரி நெனப்பு வந்துச்சு. போய்ச் சொல்லுங்கன்னேன். அவன் மொதல்ல வரட்டும்னாரு."

ரேசரை என் கையிலிருந்து வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நாலரை மணிக்கு மஹியாவை மயானத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணனின் வலக் கன்னம் வழிக்கப்படவில்லை.