கம்பளிக்குப் போட்ட கையெழுத்து

மறையூரிலிருந்து மூணாறு போகிற பஸ்ஸில், கரும்புத் தோட்டம் முடிந்து தேயிலை தொடங்குகிற வளைவில் இறங்கினால் நல்லமுத்துவின் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வயது ஐம்பத்திரண்டு. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர். பகலில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவார். அந்தி சாய்ந்தால் லயத்து மாரியம்மனுக்கு விளக்குப் போடுவார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மழையைக்கூட "வந்துருக்காக" என்று மரியாதையாகச் சொல்கிற மனுசர்.

இந்த நல்ல குணம்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

கீழே டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. புது மருந்தை மனுசர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், அது தர்மம்தானா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு வேண்டும் என்பது சட்டம். டாக்டர், வக்கீல், பேராசிரியர் எல்லாரோடும் ஒரு சாதாரண ஆளும் அதில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் சட்டம். பெரிய மனுசர்கள் ஏழு பேர் ஒரே நாளில் கிடைத்துவிட்டார்கள். சாதாரண ஆள்தான் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் கேள்வி கேட்டார். கேள்வி கேட்பவர் எப்படிச் சாதாரண ஆளாக முடியும் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் லயத்துக்கு மருத்துவ முகாம் நடத்த வந்த டாக்டர் ஜினோவின் கண்ணில், தலை குனிந்து திருநீறு கொடுத்துக்கொண்டிருந்த நல்லமுத்து பட்டார்.

"சேட்டா, மாசம் ஒரு நாள் வந்தா மதி. சாயா உண்டு, வடை உண்டு. ஒரு ஒப்பு, கையெழுத்து, போடணும், அத்ரதான்" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

முதல் மூன்று கூட்டங்களில் நல்லமுத்து மூன்று வடை தின்று மூன்று கையெழுத்துப் போட்டார். தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். மனிதனின் சுய விருப்பம் எவ்வளவு புனிதமானது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். குழுவின் பெயர்ப் பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நாலு நிமிஷத்தில் கோப்பு முடிந்துவிடும். நல்லமுத்து மட்டும் கையெழுத்துக்கு முன்னால் கண்ணை மூடி, "தாயே, யாருக்கும் கெடுதல் வராமப் பாத்துக்க" என்று சொல்லிக்கொள்வார். அந்தக் குழு மொத்தமாகச் செய்த பரிசீலனை அவ்வளவுதான்.

நாலாவது மாதம் தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கூட்டம் தள்ளிப்போனது. "படிச்சிட்டு ஒப்பு போட்டுக் கொண்டு வரு" என்று கோப்பைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் சொன்னது.

அவரால் படிக்கவும் முடியாது. உள்ளே இருந்தது இங்கிலீஷும் மலையாளமும். பக்கத்து வீட்டுப் பெண் இந்து, பிள்ளைகள் பராமரிப்பு மையத்தில் வேலை பார்ப்பவள், மலையாளம் நன்றாக வாசிப்பாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூட்டு வலிக்கு ஒரு புது மாத்திரை. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. குழு அனுமதித்த பிறகுதான் பெண்களிடம் கேட்க வேண்டும். டாக்டர் ஜினோ நேரத்தை மிச்சம் பிடிக்க, முன்னாலேயே கேட்டு முடித்திருந்தார். "எனக்கு முழுச் சம்மதம்" என்பதன் கீழே நாற்பத்திரண்டு பேர் கையெழுத்து.

"மாமா, ஒம்பதாவது பேரு நம்ம அத்தை" என்றாள் இந்து.

நல்லமுத்து எழுந்தார். அடுப்படியிலிருந்த மனைவியிடம் கேட்டார். "ஏ சுருளி, நீ மாத்திரைக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டியா?"

"எந்த மாத்திரை? நான் கம்பளிக்குல்ல போட்டேன்" என்றாள் சுருளியம்மாள். "காலையில மஸ்டர்ல வரிசையா நிக்கையில கங்காணி பேரு கூப்பிட்டாரு, போட்டேன். வருசா வருசம் அப்படித்தான கம்பளி குடுக்குறாக? ஆமா, இன்னும் ஏன் கம்பளி வரல? நீங்கதான் பெரிய கமிட்டியாச்சே, கேக்கப்படாதா?"

"இது மருந்துடி. பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரையாம்."

"அதத்தான எஸ்டேட் ஆஸ்பத்திரியில இத்தனை வருசமா வாங்கி முழுங்குறோம். இதுக்குப் போயி என்னத்துக்குக் கையெழுத்து?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையெழுத்து விழுந்தால் நாளைக்கே இவள் வாயில் அந்த மாத்திரை விழும். கேட்டும் கேட்காமலும் போட்ட கையெழுத்துக்குத் தானும் சாட்சி. அம்மன் முன்னால் எந்த மூஞ்சியோடு நிற்பது?

மூன்று சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினார். தர்ம சாஸ்திரம் படித்தவர்கள் இதை ஆராய்ச்சி என்பார்கள். லயத்தில் "நல்லமுத்தண்ணன் எலக்சனுல நிக்கப் போறாரு" என்றார்கள். எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். முக்கால்வாசிப் பேர் கம்பளிக்கு. சிலர் ஒழுகுகிற கூரைக்கு. ஒருத்தி யூனியன் கூட்டத்துக்கு. "எனக்கென்னண்ணே தெரியும், முன்னால நின்னவ போட்டா, நானும் போட்டேன்" என்றாள் இன்னொருத்தி. முன்னால் நின்றவளிடம் போனால், "பின்னால நின்னவ சீக்கிரம் போடுடின்னு தள்ளுனா" என்றாள்.

"மாட்டேன்னு சொல்லலாம்னு யாராச்சும் சொன்னாகளா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், சிரிப்பு. "மஸ்டர்ல நின்னுக்கிட்டு மாட்டேங்கிறதா? அண்ணே, உடம்புக்குக் காய்ச்சலா?"

அடுத்த கூட்டம். வடை வந்தது. நல்லமுத்து தொடவில்லை. குழுவின் எழுத்தர் ஜிஷா மறையூர்க்காரி, தமிழ் தெரிந்தவள். அவள்தான் முதலில் கவனித்தாள். "என்னண்ணே, விரதமா?"

"இல்லம்மா. கையெழுத்துப் போட முடியாது."

டாக்டர் ஜினோ தன்னுடைய ஆராய்ச்சி என்பதால் முறைப்படி வெளியே போயிருந்தார். வெளியே என்றால், திறந்த கதவுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்தே தலையை நீட்டினார்.

"ஒரு தார்மீக நிலைப்பாடு எடுக்கிறீர்கள். நல்லது. காரணம் சொல்லணும்" என்றார் தலைவர், ஏதோ கோயில் சிலை பேசிவிட்டதைப் போலப் பார்த்தபடி.

நல்லமுத்து எழுந்து கைகட்டி நின்றார். "உக்காந்தே பேசலாம்" என்றார்கள். உட்கார்ந்தால் பேச்சு வராது அவருக்கு.

"சார், கம்பம் பக்கம் எங்க குலசாமிக்கு வருசம் ஒரு கெடா வெட்டுவோம். கெடாகிட்டச் சம்மதம் கேக்காம வெட்டுறதில்ல. தலையில மஞ்சத் தண்ணி ஊத்துவேன். உடம்பச் சிலுப்புனா சம்மதம். சிலுப்பலன்னா இன்னொரு சொம்பு. அதுக்கும் நின்னுச்சுன்னா காதுக்குள்ள ஊத்துவேன். காதுல தண்ணி போனா எந்தக் கெடா சார் சிலுப்பாது? இருவது வருசமா ஊத்துறேன், ஒண்ணுகூட மாட்டேன்னு சொன்னதில்ல. மஸ்டர்ல கங்காணிய வச்சுப் பேரு கூப்பிட்டுக் கேட்டது, காதுல ஊத்துன தண்ணி சார்."

வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்தார். "மிருகங்களோட விஷயத்துக்கு வேற கமிட்டி உண்டு. நம்ம அதிகாரத்தில் வராது."

"நான் பொம்பளையாளுகளச் சொல்றேன் சார்."

"அப்போ ஆடு எதுக்கு வந்தது?"

தலைவர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். "என்ன செய்யணும்னு சொல்றீங்க?"

"திரும்பக் கேக்கணும். தமிழ்ல வாசிச்சுக் காட்டிக் கேக்கணும். வீட்டுல வச்சு, தனித்தனியா. கங்காணி வேண்டாம், டாக்டர் வேண்டாம், வேற எந்த ஆம்பளையும் வேண்டாம். சரின்னு சொல்ல ஒரு தாளு, மாட்டேன்னு சொல்ல ஒரு தாளு."

கதவுக்கு வெளியே நின்ற டாக்டர் ஜினோவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படிக் கேட்டா எல்லாரும் மாட்டேன்னுதானே சொல்வாங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. பேராசிரியர் கோப்பை மெதுவாக மூடினார். முப்பது வருஷம் வகுப்பில் நடத்திய பாடம் முதல் தடவையாக அவருக்கே புரிந்தது போலிருந்தது.

கூட்டக் குறிப்பில், "சாதாரண அங்கத்தினர் ஆடுகள் குறித்துச் சில கருத்துகள் தெரிவித்தார், சம்மதம் மறுபடி பெறத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜிஷா இரண்டு கட்டுத் தாளோடு லயத்துக்கு வந்தாள். வீடு வீடாக உட்கார்ந்து வாசித்தாள். முப்பத்தொரு பேர் மாட்டேன் என்றார்கள். பலர் அந்தச் சொல்லை எப்படி இருக்கிறதென்று பார்க்கவே சொன்னார்கள். ஒருத்தி இரண்டு தடவை சொன்னாள். பத்துப் பேர் யோசித்துச் சரி என்றார்கள்.

கடைசி வீடு நல்லமுத்துவுடையது. அவர் போட்ட சட்டம் அவரையே வாசலுக்கு வெளியே தள்ளியது. தண்ணீர்க் குழாயடியில் நின்று, உள்ளே வாசிக்கிற சத்தத்தைக் கேட்டபடி அம்மனைக் கும்பிட்டார். சுருளி மாட்டேன் என்றுதான் சொல்வாள். சந்தேகமே இல்லை.

அரை மணி கழித்து ஜிஷா சிரித்துக்கொண்டே வந்தாள். "பதினோரு பேரு ஆச்சுண்ணே."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். "என்னடி இது? உனக்காக ஏழு பேரு முன்னால நின்னு சண்ட போட்டேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"உங்ககிட்டக் கேக்கச் சொல்லி அந்தத் தாள்ல எங்கயும் போடலையே" என்றாள் சுருளியம்மாள், முட்டியைத் தேய்த்தபடி. "முட்டி எனக்குத்தான வலிக்குது. நிஜ மாத்திரையா இருந்தா எனக்கு நல்லது, சும்மா மாத்திரையா இருந்தா பின்னால வாரவளுக்கு நல்லது. புடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் வெளிய வந்துரலாமாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாமாம்."

"அதெல்லாம் சரிதான்..."

"என்ன சரிதான்? நம்ம கல்யாணத்துக்கு இப்படி ஒரு பக்கத்த யாரு எனக்கு வாசிச்சுக் காட்டுனா?"

நல்லமுத்து வெளியே இறங்கிப் போய், பொழுது இன்னும் சாயாதபோதே அம்மனுக்கு விளக்கை ஏற்றிவைத்தார்.