மானேஜர் வீட்டுக் கடல்மீன் தொட்டி

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டிய மானேஜர், தன் குவார்ட்டர்ஸில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல்நீர் விட்டு, பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கி, வெள்ளைப் பட்டை போட்ட ஐந்து ஆரஞ்சு மீன்களை வளர்த்துவந்தார். தெற்கே மண்டபம் கடற்கரையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்கள். சித்திரையில் ஒரு மாதம் பம்பாய் கிளம்பியபோது தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

“நீ பழவேற்காட்டுக்காரன். உனக்கு மீனைப் பத்திச் சொல்லியா தரணும்?”

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எட்டு வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன், முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அதைச் சொல்லப் பயந்து சாவியை வாங்கிக்கொண்டேன்.

வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரல் குறைந்தது. கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே என்று ஞாயிறுதோறும் ஊருக்குப் போய், கேன்களில் கடல்நீர் பிடித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவந்தேன். குறையக் குறைய அதை ஊற்றி நிரப்பினேன். மூன்றாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் ஒன்று செத்து மிதந்தது.

காற்று ஊதும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் ஓடியது. தீனி அழுகியிருக்குமோ என்று அடியில் கிடந்ததையெல்லாம் ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். பக்கத்துக் கம்பெனி ஆசிட் புகை இறங்கியிருக்குமோ என்று லிட்மஸ் காகிதம் நனைத்தேன், சிவக்கவில்லை. அன்று மாலை இன்னொன்றும் போனது. வேலையும் இதோடு போயிற்று என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை.

என் மனைவி மறுநாள் கூடவே வந்தாள். அவளும் எங்கள் ஊர்தான், கல்யாணம் வரை ஏரிக்கரையில் மீன் விற்றவள். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உடனே ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

“இன்னா மாமா, இப்டிக் கரிக்குது! கடலு மொகத்துவாரம் அடைச்சிக்கினா கத்திரியில நம்ம ஏரியும் இப்டித்தான் ஆவும். மீனுங்கோ மேல வந்து வாயப் பொளக்கும். வெயிலு தண்ணியக் குடிச்சிட்டு உப்ப உட்டுடும். நீ அது மேலயே உப்புத்தண்ணி ஊத்திக்கினு கீற. நல்ல தண்ணி ஊத்து.”

கடல்மீனுக்கு நல்ல தண்ணீரா?

“மிச்ச மூணும் செத்துட்டா?”

“இப்ப மட்டும் பொழைச்சிக்கினா கீது? ஒரேயடியா ஊத்தாத. தூறல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உடு.”

லேபுக்கு ஓடினேன். தொட்டித் தண்ணீரையும் கேனில் மீந்திருந்த கடல்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உப்புக்குச் சோதித்தேன். தொட்டியில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாய்லர் தண்ணீரில் தினமும் உப்புப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் வரும் வேலை. அந்தப் புத்தி இங்கே வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை மணிக்கு ஒரு டம்ளர் வீதம் நானும் அவளும் மாற்றி மாற்றி விட்டோம். மூன்றாம் நாள் மீன்கள் கீழே இறங்கிப் பாறையைச் சுற்றின. தீனியும் எடுத்தன.

திரும்பிவந்த மானேஜர் இரண்டு குறைவதைப் பார்த்து முகம் கறுத்தார். உப்பு ஏறிய கதையைச் சொன்னேன்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

என் மனைவி அங்கேயே கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி விரலை நக்கிச் சொன்னாள் என்றால் என் படிப்புக்கு என்ன மரியாதை என்று பயம் வந்தது.

“லேபில் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் சார்.”

அடுத்த வாரமே கடிதம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல இன்னா எய்திகீது?”

“வேலை நிரந்தரமாயிடுச்சாம்.”

“உப்பு பாத்தது யாருன்னு எய்தலியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.