பக்கத்து வீட்டுப் பரோட்டா

பல வருஷ வயிற்று வலிக்கு இந்தப் பேஸ்புக் குழுவில்தான் வழி கிடைத்தது. "கோதுமை ஒத்துக்குதான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதினார். பரிசோதனையில் அதேதான் வந்தது.

சந்தோஷத்தில் இங்கேயே எழுதினேன்: "பக்கத்து வீட்டுப் பரோட்டாதான் வில்லன்!" ஏகப்பட்ட சிரிப்பு எமோஜிகள்.

இன்று சாயங்காலம் அந்தப் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா வந்தார். சென்னீர்குப்பத்துக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கென்று பரோட்டா சுட்டுத் தருபவர். இன்று தட்டில் அரிசி ரொட்டி.

"கோதும, மைதா எதுவும் இல்ல. கல்லக்கூட தேச்சிக் கழுவிட்டுதான் சுட்டேன்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அக்கா, அந்தப் போஸ்ட்டு..."

"பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் சொன்னியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வலிய வச்சிகினே தின்னியா?"

"ஆசையா கொண்டாந்தீங்க, வேணாம்னு சொல்ல வாய் வரலக்கா."

அவர் கோபப்படவில்லை. ரொட்டியை ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் போஸ்ட்டை அழித்துவிட்டேன். ஆனால் பாருங்கள், மன்னிப்பைக்கூட அவரிடம் கேட்காமல் முதலில் உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம்.