கிழக்கு மேற்காக எட்டுப் பள்ளங்கள்

சீனித்தம்பி பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை. விட்பியிலிருந்து ரயிலேறி, ரொறன்ரோவில் ஒன்பதாம் மாடிக்குப் போய், கணினியில் புல்வெளிகளுக்குத் தண்ணீர்க் குழாய் வரைவது அவருடைய இருபத்திரண்டு வருட வேலை. பெரும்பாலும் கோல்ஃப் மைதானங்கள். இந்த முறை வந்தது அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு பழைய கிறிஸ்தவச் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம். வாய்க்காலைத் திறந்து நிலம் முழுக்க நனைப்பதை நிறுத்தி, மரங்களின் அடிக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடவேண்டும்.

வரைபடத்தில் கல்லறைகள் வெறும் புள்ளிகள். மேற்கு மூலையில் புள்ளியே இல்லை, எட்டுச் சின்னப் பள்ளங்கள் மட்டும். கல் வைக்காத குழி மழைக்குத் தாழும் என்பது மட்டக்களப்பில் பிறந்தவருக்குத் தெரியாததா? ஆனால் பள்ளங்கள் கிழக்கு மேற்காகக் கிடந்தன. அவருடைய ஊரில் தெற்கே தலைவைத்துத்தான் புதைப்பார்கள். ஆகவே இது தண்ணீர் அரித்த இடம் என்று முடிவுகட்டிப் பள்ளங்களை அழித்தார். பெரிய குழாயை நேரே அதற்குள்ளால் இழுத்தார். மூன்றடி ஆழத்துக்கு இயந்திரத்தால் வெட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படம் அரிசோனாவுக்குப் போகவேண்டும். அன்று காலை ரயிலில் பக்கத்தில் பாஷையூர்க் கத்தோலிக்கர் அமிர்தநாதர், தினமும் கூட வருகிறவர்.

“என்ன சீனி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை அண்ணை. உங்கட சேமக்காலையில தலை எந்தப் பக்கம் வைக்கிறது?”

“காலமை வெள்ளன கேக்கிற கேள்வியைப் பார்! எனக்கு இடம் பாக்கிறியோ?”

“சொல்லுங்கோவன்.”

“மேற்கால தலை, கிழக்கால கால். கடைசி நாளில எழும்பேக்க சூரியன் வாற பக்கம் பாக்கவேணுமெல்லே.”

“எல்லாருக்குமோ?”

“பழைய ஆக்களுக்கு. நான் வாங்கி வைச்ச இடம் கார் பார்க்கைப் பாத்தபடி கிடக்கு.”

சீனித்தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் அழித்த பள்ளங்களைத் திரும்ப எடுத்தார். எட்டும் ஒரே நீளம். வாய்க்காலும் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகிறது. தண்ணீர் அரித்தால் இப்படி அளந்து அரிக்குமா? அரிக்கவும் கூடும். அவர் கண்டாரா? குழாயை மூலையைச் சுற்றி வளைத்தார். நாற்பது மீற்றர் கூடிற்று.

மேலதிகாரி தீப்தி, கோயம்புத்தூர்ப் பெண், வந்து பார்த்தாள்.

“நேத்து நேரா இருந்துச்சே சார், ஏன் வளைச்சீங்க?”

“உதுக்குள்ள ஆக்கள் கிடக்கலாம்.”

“கல்லறை இருக்கா?”

“தெரியேல்ல.”

“இல்லையா அப்ப?”

“அதுவும் தெரியேல்ல, பிள்ளை. தோண்டினாப் பிறகு தெரிஞ்சு என்ன செய்யிறது?”

“சரி, வளைஞ்சே போகட்டும். எதுக்குன்னு ஒரு வரி எழுதிடுங்க.”

மாற்றங்களைப் பதியும் அட்டவணையில், ‘பள்ளங்கள் கிழக்கு மேற்காக உள்ளன’ என்று எழுதினார். மேல் வரியில், பள்ளங்களை அழித்ததற்கு நேற்று அவரே எழுதிய காரணம் இருந்தது. அதே நான்கு சொற்கள்.

இரண்டையும் மாறி மாறி வாசித்தார். பிறகு, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, படத்தை அனுப்பினார்.